24 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம்: றெக்கையை மாற்றினால் குறையுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. முறுக்கு, மிக்சர் போடும் பட்டறை. 20க்கு 15 அடி அறை, 12 அடி உயரம், இரண்டு எண்ணெய்ச் சட்டி அடுப்பு. சுவரில் 24 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், த்ரீ ஃபேஸ், 1440 ஆர்.பி.எம்., தகட்டில் அடித்த ஆறு றெக்கை. உள்பக்கம் கம்பி வலை, வெளிப்பக்கம் தானாகத் திறந்து மூடும் ஷட்டர். 15 அடி தள்ளிப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல். இரவு வேலை நடக்கும்போது அந்த ஜன்னலில் போன் ஆப் 72 டெசிபல் காட்டுகிறது. கடைக்காரர் எட்டு ஃபைபர் றெக்கை மாட்டச் சொல்கிறார், எலக்ட்ரீஷியன் ரெகுலேட்டர் போடச் சொல்கிறார். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் கேட்க வேண்டியது, சத்தம் ஃபேனின் எந்த இடத்தில் பிறக்கிறது, முதல் ரூபாயை எங்கே செலவழிப்பது என்பதுதான். இருவரில் எலக்ட்ரீஷியன் பாதி சரி. றெக்கை எண்ணிக்கை பட்டியலில் கடைசி.

முதல் காரணம் வேகம். அதுவும் ஆர்.பி.எம். அல்ல, றெக்கை நுனி போகிற வேகம். 600 மி.மீ. விட்டமும் நிமிடத்துக்கு 1440 சுற்றும் என்றால் நுனி வினாடிக்கு 45 மீட்டர் போகிறது. மணிக்கு 160 கி.மீ.க்கும் மேல். காற்றைக் கிழிக்கும் சத்தத்தின் சக்தி இந்த வேகத்தின் ஐந்தாவது, ஆறாவது மடிக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் மாறினால் டெசிபல் எவ்வளவு மாறும் என்பதற்குத் துறையில் புழங்கும் கணக்கு, வேக விகிதத்தின் லாகரிதத்தை 50ஆல் பெருக்குவது. சிலர் 55, 60 என்றும் வைப்பார்கள். நான் குறைந்ததையே எடுத்துக்கொள்கிறேன். இப்போது உங்களிடம் இருப்பது நாலு போல் (காந்த முனை) மோட்டார்; போல் கூடினால் வேகம் குறையும். அதே ஃபேனில் ஆறு போல் மோட்டார் மாட்டினால் 960 ஆர்.பி.எம்., நுனி வேகம் 30 மீட்டர், சத்தம் சுமார் 9 டெசிபல் இறங்கும். எட்டு போல் போட்டு வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபல். 10 டெசிபல் இறங்கினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோல் தோன்றும். றெக்கையின் வடிவத்தில் என்ன வித்தை செய்தாலும் இந்த அளவு கிடைக்காது.

வேகத்தைக் குறைத்தால் புகை போகுமா என்பது நியாயமான பயம். காற்றின் அளவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் குறையும், அழுத்தம் இருமடியில், மோட்டார் இழுக்கும் பவர் மும்மடியில். ஆறு போலில் காற்று மூன்றில் இரண்டு பங்கு, அழுத்தம் 44 சதவீதம், பவர் 30 சதவீதம் மட்டும். இப்போது உங்கள் அறையைப் பாருங்கள். கொள்ளளவு 3,600 கன அடி, அதாவது சுமார் 100 கன மீட்டர். 24 அங்குல 1440 ஃபேன் தடையில்லாமல் ஓடினால் மணிக்குப் பத்தாயிரம் கன மீட்டர் தள்ளுவது சாதாரணம். அப்படியானால் அறைக் காற்று மணிக்கு நூறு தடவை மாறுகிறது. எண்ணெய்ச் சமையல் நடக்கும் இடத்துக்கு 30 முதல் 60 தடவை என்று வைப்பது வழக்கம். ஆறு போலில் ஓடினாலே 65 தடவை வந்துவிடும். தேவையைவிடப் பெரிய வேகத்தை வாங்கி மாட்டியிருக்கிறீர்கள் என்பது என் கணிப்பு. வலையும் ஷட்டரும் தடுப்பதால் நடைமுறையில் காற்று இதைவிடக் குறைவாகவே போகும். அந்தத் தடை எவ்வளவு என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் பெரும்பாலும் யாரும் பார்க்காதது: ஃபேனுக்குள் காற்று எப்படி வந்து சேர்கிறது. பக்கத்து வீட்டார் சத்தம் போட்டதும் இரவில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தியிருப்பீர்கள். வெளியே தள்ள வேண்டிய காற்று உள்ளே வர வழியில்லை. உங்களுடையதுபோல் காற்றை அச்சின் திசையிலேயே நேராகத் தள்ளும் ஆக்சியல் ஃபேனின் ஒவ்வொரு றெக்கையும் ஒரு விமானச் சிறகு மாதிரி. காற்று குறைந்தால் அது றெக்கையை மோதும் கோணம் ஏறும், ஓர் எல்லைக்கு மேல் றெக்கையின் முதுகைவிட்டுப் பிரிந்து சுழலும். இதை ஸ்டால் என்பார்கள். அந்த நிலையில் சீரான ஊதல் போய், அடித்தொண்டையில் உறுமுவதுபோல் ஏறி இறங்கும் சத்தம் வரும். சத்தம் 5 முதல் 10 டெசிபல் கூடுவதும் உண்டு. கூடவே மோட்டார் ஆம்பியரும் ஏறும். காற்றைச் சுழற்றிப் பக்கவாட்டில் வீசும் செண்ட்ரிஃப்யூகல் புளோயரில் வாயை அடைத்தால் லோடு குறையும்; ஆக்சியலில் அதற்கு நேர் எதிர். அதனால்தான் ஆக்சியல் ஃபேனில் டாம்பரை (காற்றுப் பாதையை அடைக்கும் தகட்டை) மூடிக் காற்றைக் குறைக்கக் கூடாது என்பது.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். ஃபேன் ஓடும்போது பக்கத்து வீட்டு ஜன்னலருகே ஒருவரை நிறுத்திவிட்டு, ஃபேனுக்கு எதிர்ப்புறக் கதவை மெல்லத் திறந்து மூடுங்கள். திறக்கும்போது உறுமல் மறைந்து சத்தம் தெளிந்தால் ஸ்டாலில் ஓடுகிறது என்று பொருள். கிளாம்ப் மீட்டர் இருந்தால் இரண்டு நிலையிலும் ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடிய நிலையில் கூடினால் சந்தேகமே இல்லை. தீர்வு, காற்று உள்ளே வர நிரந்தர வழி. வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகாமல் காற்று நுழைய வேண்டும் என்று வைத்தால், பத்தாயிரம் கன மீட்டருக்கு 1.4 சதுர மீட்டர், அதாவது 15 சதுர அடி திறப்பு வேண்டும். ஆறு போலுக்கு 10 சதுர அடி போதும். திறப்பைப் பக்கத்து வீட்டுப் பக்கம் வைக்காதீர்கள். ஃபேனின் சத்தம் உள்பக்கமாகவும் அதே அளவு வருகிறது. அது திறப்பின் வழியே வெளியேறும்.

காற்று வந்து சேரும் பாதையில் ஃபேனுக்கு நெருக்கமாக எது நின்றாலும் சத்தம். கலங்கிய காற்றை றெக்கை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் விசை திடீரென்று மாறும், அந்த மாற்றமே ஒலியாகப் போகும். ஆகவே உள்ளே போகும் பக்கத்துத் தடைகள், வெளியே போகும் பக்கத்தில் உள்ளவற்றைவிட மோசமானவை. உங்கள் வலை ஃபேன் வளையத்தோடு ஒட்டியிருக்கிறது என்றால், எண்ணெய்ப் பிசுக்கில் பாதிக் கண்கள் அடைத்திருக்கும். அதைக் கழற்றி ஐந்து நிமிடம் ஓட்டிக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், வலையை ஒரு சட்டத்தில் அடித்து ஃபேனிலிருந்து குறைந்தது ஓர் அடி, முடிந்தால் இரண்டடி முன்னால் பெட்டிபோல் நிறுத்துங்கள். பரப்பு கூடுவதால் வலை வழியே காற்றின் வேகமும் குறையும், துடைப்பதும் எளிது. சோதனை நேரத்தில் யாரையும் அருகே விடாதீர்கள். வலையில்லாத ஃபேன் விரலைப் பார்க்காது.

மோட்டாரைத் தாங்கும் கைகளையும் பாருங்கள். ஆறு றெக்கைக்கு மூன்று கை இருந்தால், ஒரே நொடியில் மூன்று றெக்கைகள் மூன்று கைகளையும் கடக்கும்; மூன்று இடத்து அதிர்வும் ஒன்றுசேர்ந்து ஒரே திசையில் வெளியேறும். நாலு கையோ ஐந்து கையோ என்றால் ஒன்றுக்கொன்று நேரம் தவறிப் பகுதி பகுதியாக அடங்கும். றெக்கை எண்ணும் தாங்கிகளின் எண்ணும் சேர்ந்து எந்த ஒலி வெளியேறும், எது உள்ளேயே மடியும் என்று தீர்மானிப்பதை ஜெட் எஞ்சின் கம்ப்ரசருக்காக 1962-ல் டைலரும் சோஃப்ரினும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவர்கள் கணக்கு நீண்ட குழாய்க்குள் ஓடும் ஃபேனுக்கு. சுவர் ஓட்டையில் உட்கார்ந்த ஃபேனுக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் எண்கள் ஒன்றையொன்று வகுக்கக் கூடாது என்ற விதி இங்கும் நல்லதே. கைகள் காற்று உள்ளே வரும் பக்கம் இருந்தால் இன்னும் தொல்லை. கைக்கும் றெக்கைக்கும் நடுவே குறைந்தது ஒரு றெக்கை அகலம் இடைவெளி வேண்டும்.

இப்போது றெக்கை எண்ணிக்கைக்கு வருகிறேன். ஆறு றெக்கை வினாடிக்கு 24 சுற்று சுற்றினால் 144 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம், அதன் இரட்டிப்பாக 288, மும்மடங்காக 432. எட்டு றெக்கை ஆக்கினால் அதே ரீங்காரம் 192க்கு ஏறும். மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி குறைவாகக் கேட்கும் என்பதால் டெசிபல் மீட்டரில் ஏ எடை என்ற வடிகட்டி இருக்கிறது. அது 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபல் கழிக்கும், 200 ஹெர்ட்ஸில் 11 மட்டுமே கழிக்கும். அதாவது ஒலியின் சக்தி மாறாமல் சுருதி மட்டும் ஏறினால் ஜன்னலில் சத்தம் கூடியதாகவே மீட்டர் காட்டும். மறுபக்கமும் உண்டு: றெக்கை கூடினால் ஒவ்வொன்றின் மேலும் சுமை குறையும், ரீங்காரம் பலவீனமாகும், அதே காற்றைக் குறைந்த வேகத்தில் தள்ளலாம். இந்த இரண்டில் எது வெல்லும் என்று உங்கள் ஃபேனைப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். வேகத்தைக் குறைக்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள் என்பது மட்டும் உறுதி.

ஃபைபர் என்பதால் சத்தம் குறையும் என்பதும் சரியல்ல. தகட்டில் அடித்த றெக்கை ஒரே தடிமனில் வளைந்த தட்டு. வார்த்த ஃபைபர் றெக்கை முன்விளிம்பு உருண்டு, பின்விளிம்பு மெலிந்து, வேரிலிருந்து நுனிவரை முறுக்கு மாறி வரும். காற்று ஒட்டி ஓடுவது அந்த வடிவத்தால், பொருளால் அல்ல. இதே வடிவத்தில் வார்த்த அலுமினியமும் அதே வேலையைச் செய்யும். மாற்றுவதாக இருந்தால் கோணத்தைக் கவனியுங்கள்: சரிசெய்யக்கூடிய ஹப்பில் (றெக்கைகள் மாட்டும் நடுப்பகுதி) இரண்டு மூன்று டிகிரி கூட்டினாலே ஆம்பியர் ஏறும். பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரைத் தாண்டக் கூடாது. எல்லா றெக்கையும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும், செட்டாகப் பேலன்ஸ் செய்திருக்க வேண்டும். கடையில் ஜி 6.3 பேலன்ஸ் தரம் என்று கேளுங்கள்.

றெக்கை இடைவெளியைச் சமமில்லாமல் வைப்பதும் ஒரு வழி, கார் ரேடியேட்டர் ஃபேன்களில் பார்த்திருப்பீர்கள். மொத்தச் சத்தம் குறையாது, ஒரே சுருதியில் குத்தும் ரீங்காரம் பல சுருதிகளாகச் சிதறும், காது எரிச்சல் குறையும். பின்விளிம்பை ஆந்தைச் சிறகுபோல் பல்லாக வெட்டுவதும் உண்டு. சுத்தமான காற்றில் சில டெசிபல் பலன் தரும். எண்ணெய்ப் புகையில் அந்தப் பற்கள் ஒரு மாதத்தில் பிசுக்கு ஏறி மழுங்கிவிடும், உங்களுக்கு வேண்டாம்.

றெக்கை நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளிதான் றெக்கையைவிட முக்கியம். அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து காற்று அந்தச் சந்து வழியே பின்னுக்கு நழுவிச் சுழல் போடும். அந்தச் சுழலை அடுத்த றெக்கை வெட்டும். விட்டத்தில் ஒரு சதவீதம், அதாவது 6 மி.மீ. வரை பொறுக்கலாம். மலிவு ஃபேன்களில் 12, 15 மி.மீ. சந்து சகஜம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஒரே றெக்கையைக் கையால் சுற்றி மேல், கீழ், இடம், வலம் என்று நாலு இடத்தில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 4, எதிர்ப்பக்கம் 14 என்றால் மோட்டார் மையத்தில் இல்லை. போல்ட்டைத் தளர்த்தி நடுவே கொண்டுவந்தாலே சத்தம் மாறும். வளையத்தின் முன்வாயும் கூர்மையாக இருக்கக் கூடாது. செங்கல் சுவரின் விளிம்பைச் சுற்றிக் காற்று திரும்பும்போது பிரிந்து, கலங்கிய நிலையில் நேராக நுனிக்குத்தான் போகிறது. 60 மி.மீ. ஆரமுள்ள உருண்டை வாய், பெல் மவுத் என்பார்கள், தகட்டுப் பட்டறையில் செய்து வாங்கலாம். சத்தம், காற்று இரண்டுக்கும் கொடுத்த காசுக்கு இதுபோல் பலன் தருவது வேறு இல்லை.

எலக்ட்ரீஷியன் சொன்ன ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும் என்ற வகையில் சரியான திசை. ஆனால் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி வோல்டேஜை வெட்டும் கருவி த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு ஆகாது; சிங்கிள் ஃபேஸிலும் மோட்டார் சூடேறும், 100 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். உங்களுக்கு வேண்டியது மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் டிரைவ், வி.எஃப்.டி. 35 ஹெர்ட்ஸில் ஓட்டினால் சத்தம் 8 டெசிபல் அருகே குறையும், பவர் மூன்றில் ஒரு பங்கு. பகலில் 50, இரவில் 35 என்று வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஆறு போல் மோட்டாரைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. டிரைவ் போட்டதும் மோட்டாரிலிருந்து மெல்லிய விசில் வந்தால் அதன் கேரியர் அதிர்வெண்ணை (உள்ளே மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் வேகத்தை) 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8க்கு ஏற்றச் சொல்லுங்கள். டிரைவ் கொஞ்சம் கூடச் சூடாகும், அவ்வளவுதான். டிரைவை அடுப்பறைக்குள் மாட்டாதீர்கள்.

செலவுக்கு முன் ஒரு சோதனை: இரவு அமைதியான நேரத்தில் ஃபேனை ஆஃப் செய்து, அது ஓடி ஓய்வதைக் கேளுங்கள். சுவிட்சை அணைத்த நொடியே மறையும் சத்தம் மோட்டாரின் மின்காந்த உறுமல். வேகத்தோடு சேர்ந்து மெல்ல அடங்குவது காற்றின் சத்தம். கடைசிச் சுற்றுவரை கரகரவென்று வருவது பேரிங். நடுவில் ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் திடீரென்று கூடி அடங்கினால் சட்டமோ தகடோ அந்த அதிர்வெண்ணில் ஒத்து அதிர்கிறது. டிரைவ் போடும்போது அந்த வேகத்தில் ஓடாதபடி வையுங்கள். ஷட்டர் தட்டுகள் படபடப்பதையும் கம்பியால் திறந்து கட்டிவைத்துப் பிரித்துக் கேளுங்கள். குறைந்த வேகத்தில் அவை பாதிதான் திறக்கும், அப்போது படபடப்பு கூடும். சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தால் றெக்கைப் பிசுக்கைச் சுரண்டிக் கழுவுங்கள். ஒரு றெக்கையில் மட்டும் ஒட்டிய சில கிராம் எண்ணெய்க் கசடே 1440 சுற்றில் ஃபேனை உலுக்கப் போதும்.

இதெல்லாம் செய்தால் 72 எவ்வளவு ஆகும்? வேகத்தில் 8, 9 டெசிபல் நம்பலாம். ஸ்டால் இருந்து அது தீர்ந்தால் இன்னும் 5 வரை. வலை, வாய், சந்து சேர்ந்து இரண்டு மூன்று கிடைத்தால் நல்லது. வெளிப்பக்கம் ஒரு தகட்டுப் பெட்டி மாட்டிக் காற்றை மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னலுக்கு நேரே போகும் கூர்மையான சத்தம் குறையும். பெட்டியின் திறப்பு ஃபேன் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஸ்டால். ஆக 55 அருகே வரலாம். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை வைத்திருக்கும் வரம்பு 45. சுவரில் மாட்டிய ஃபேனை வைத்துக்கொண்டு 15 அடியில் அதைத் தொடுவது கடினம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

அதுதான் இலக்கு என்றால் அமைப்பையே மாற்ற வேண்டும். இரண்டு அடுப்புக்கும் சேர்த்து ஆறரைக்கு நாலு அடி ஹூட் (அடுப்புக்கு மேல் புகையைப் பிடிக்கும் கூடு), அதன் வாயில் வினாடிக்கு அரை மீட்டர் வேகம் என்று வைத்தால் மணிக்கு 4,300 கன மீட்டர் போதும். இப்போதைய காற்றில் பாதிக்கும் குறைவு. புகையைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதால் வரும் லாபம் அது. டக்டை (காற்றுக் குழாயை) கூரைக்கு மேலே எடுத்து ஜன்னலுக்கு எதிர்ப்புறம் விடலாம். ஆனால் இப்போதைய ஃபேனை அந்த டக்டில் வைக்காதீர்கள்: ஃபில்டர், வளைவு எல்லாம் சேர்ந்த தடையை இந்த வகை ஃபேன் தாங்காது, மோட்டாரும் எண்ணெய்ச் சூட்டில் நிற்கும். மோட்டார் வெளியே இருக்கும் செண்ட்ரிஃப்யூகல் வேண்டும், அல்லது மோட்டாரைக் காற்றோட்டத்திலிருந்து தனியாக மூடிவைத்த டக்ட் ஆக்சியல். டக்டில் சைலன்சர் போட்டால், கண்ணாடிக் கம்பளி 50 மி.மீ. கனத்தில் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக விழுங்கும். 144 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தில் சில டெசிபல்தான். திறந்த கம்பளி எண்ணெய்ப் புகையை உறிஞ்சினால் தீக்கு வழி. பிலிம் சுற்றியதையே கேளுங்கள், ஃபில்டருக்குப் பிறகுதான் வையுங்கள்.

கடையில் புது ஃபேன் பார்க்கும்போது காட்டலாகில் உள்ள டெசிபலை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை மீட்டர் தூரத்தில், எவ்வளவு அழுத்தத்தில் அளந்தது என்று கேளுங்கள். தடையே இல்லாமல் ஓடும் நிலையில், மூன்று மீட்டர் தள்ளி அளந்த எண்ணை, ஒரு மீட்டரில் அளந்த எண்ணோடு ஒப்பிட முடியாது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தாலே 6 டெசிபல் குறையும். போன் ஆப்பும் சில டெசிபல் முன்னே பின்னே காட்டும். முன்னும் பின்னும் ஒரே போன், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்தால் வித்தியாசத்தை நம்பலாம். ஃபேன் ஓடாதபோதும் அந்த ஜன்னலில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். தெருச் சத்தமே 52 இருந்தால், ஃபேனோடு 55 வந்தாலும் அதில் ஃபேனின் பங்கு 52தான்.